கயல்வாய் ஆற்றுக் குடம்

மழை தவறாதிருக்க. மலை தேயாதிருக்க. பன்னிரு நீரும் தத்தம் வழியே நடந்து கடல் சேர்க.

ஆமை இலச்சினை உடையவரும், பன்னிரு நீரின் காவலரும், முறை கேட்க வந்தவரை வாயிலில் காக்க வைக்காதவருமான ஆம்பல் நாட்டுப் பெருங்கோ வயமான் கட்டளையிட, ஓலைநாயகம் வெண்ணாகனார் எழுதுவிக்கும் திருமுகம். கடைமலை நாட்டை எட்டாண்டாகக் காத்துவரும் இளவரசர் விறலாதர் இதைக் காண்க. தங்கள் கணவாய்களில் பகை நுழையாதிருக்க. தங்கள் சுனைகளில் கோடையிலும் நீர் நிற்க. தங்கள் குன்றுகளில் தேனும் தினையும் பெருகுக. தங்கள் இல்லத்தார் நலம் என்ற ஓலை வந்து சேர்ந்தது. இங்குள்ளோரும் உடல் நலத்தோடு இருக்கிறார்கள்.

செய்தி இதுதான். வருகிற வளர்பிறை ஏழாம் நாளுக்குள் தாங்கள் தலைநகராகிய நெடுமதிலூருக்கு வந்து, தங்கள் தமையனார் விட்டுச் சென்ற அரியணையில் அமர்ந்து, அவர் திரும்பும்வரை நாடாள வேண்டும். அவர் நோயுறவில்லை. போருக்கும் போகவில்லை. கயல்வாய் ஆற்றின் கரையில் குடில் கட்டிக் குடியிருக்கப் போயிருக்கிறார். எத்தனை காலம் என்பது அவருக்கும் தெரியாது. தாங்கள் வரும் வழியில் எழுநூற்றுவர் வணிகக் குழுவார் தங்கள் சத்திரங்களில் விருந்து வைப்பார்கள். நல்ல விருந்தாகவே இருக்கும். அதில் கை நனைக்கும் முன் இவ்வோலையை முழுதும் படித்துவிட வேண்டும் என்பது பெருங்கோவின் விருப்பம்.

நீர்க்குட நாளைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் முறையை எழுதி வைப்பது ஓலையின் கடன். வீடும் நிலமும் துறந்து காட்டையும் மலையையும் நீரையும் காப்போம் என்று நோன்பு பூண்டவர்கள் கானோன்பியர். கோடரி விழ வரும் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது அவர்கள் வழக்கம். கார்காலத்தின் முதல் நாளில் அவர்கள் நாட்டின் பன்னிரு நீரிலிருந்தும் ஒவ்வொரு குடம் சுமந்து அவைக்கு வருவார்கள். அரசன் ஒவ்வொரு குடத்திலும் ஒரு கை அள்ளிப் பருக வேண்டும். எந்த நீரைக் குறித்து அவன் 'முடியாது' என்று சொல்கிறானோ, அந்த நீரின் கரையில் போய்க் குடியிருக்க வேண்டும். அதைப் பருகும் நாள் வரும்வரை அரண்மனை திரும்பக் கூடாது. அந்தக் குடத்தைச் சுமந்து வந்த நோன்பியோ, பழி பொய்யாகாதபடிக்குப் பிணையாகத் தலைநகரில் தங்க வேண்டும். நீர் தெளியும்வரை அவருக்கும் அந்த ஆறு இல்லை.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. குடத்தை அந்தக் கரையில் வாழும் வீட்டார் கையே மொண்டு தர வேண்டும். சுமப்பவர் அந்தக் கரையில் பிறந்தவராக இருக்க வேண்டும். நோன்பு பூண்டவர் பிறந்த ஊரை மிதிக்கலாகாது என்றாலும், ஆண்டுக்கு ஒரு முறை நீர் எடுக்க மட்டும் போகலாம். ஆகவே குடம் சுமக்கும் நோன்பிக்கு அந்தக் குடமே ஊருக்குப் போகும் வழி.

கயல்வாய்க் குடத்தைச் சுமந்தவள் அடும்பி என்பவள். ஆறு கடலோடு கலக்கும் இறால்துறையில், வலை வீசும் குடியில் பிறந்தவள். பத்தொன்பதாம் வயதில் நோன்பு பூண்டாள். இப்போது முப்பத்தாறு வயது. அவளுக்கு ஒரே உறவு வேம்பி என்ற அக்காள். ஆண்டுதோறும் அக்காள் துறைப் படிக்கட்டில் காத்திருப்பாள். தங்கை வந்ததும் ஆற்றில் இறங்கி நடுநீர் மொண்டு குடத்தை நிரப்புவாள். இருவரும் ஒரு பகற்பொழுது பேசியிருப்பார்கள். பிறகு ஒன்பது நாள் நடை. அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டுதான் அடும்பி ஓராண்டை ஓட்டினாள் என்று அவளோடு மலையில் இருந்த நோன்பியர் சொல்கிறார்கள். ஆற்று மணலில் நண்டு கோலம் போடுவதையும், கடல் ஏற்றம் வரும்போது நீர் பின்னோக்கி நடப்பதையும் அவள் சொல்லிக் கேட்டு, கடலையே காணாத மலைப் பெண்கள்கூட இறால்துறையில் வழி தவறாமல் நடப்பார்களாம்.

ஏழாண்டுக்கு முன் பெருவெள்ளத்தில் கயல்வாய்ப் பாதை அறுந்தது. அடும்பி பாதி வழியில் திரும்பினாள். அவ்வாண்டு பதினொரு குடங்களே அவைக்கு வந்தன. அதில் யார் பிழையும் இல்லை.

அதே ஆண்டில்தான் எழுநூற்றுவர் கானோன்பியருக்கு உதவத் தொடங்கினார்கள். மூங்கணை மலையில் மரப்பட்டை உரிப்பதை நிறுத்த நோன்பியர் மூன்று மாதமாக மரங்களைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். வணிகக் குழு வண்டி வண்டியாக அரிசி அனுப்பியது. ஓடு வேய்ந்த கூடம் கட்டிக் கொடுத்தது. காவியாடை கொடுத்தது. ஊர் ஊராகப் போய் மரத்தின் அருமை சொல்லும் பாணர்களுக்குச் சோறு கொடுத்தது. பட்டை உரிப்பு நின்றது. மலை பிழைத்தது. இன்று அங்கே யானைகள் கன்றுகளோடு நடக்கின்றன. இது பொய்யன்று, ஓலைநாயகம் கண்ணால் கண்டது.

மலையடிவாரத்தில் அந்தப் பட்டையை ஊற வைத்துச் சிறுசிறு தொட்டிகளில் துணிக்குச் சாயம் ஏற்றிய நானூறு குடிகள் தொழில் இழந்தார்கள் என்பதும் கண்ணால் கண்டதே. நாட்டின் துணியெல்லாம் சாயத்துக்கு வேறிடம் தேடியது. கடல் கடந்து வந்த சாயப்பொடியோடு எழுநூற்றுவரின் பெருந்தொட்டிகள் காத்திருந்தன. அவை இருந்த இடம் இறால்துறை. அங்கே ஒன்பதாக இருந்த தொட்டி இரண்டே ஆண்டில் தொண்ணூறாயிற்று. கழிவு முழுதும் கயல்வாயில் இறங்கியது.

அந்த முதல் ஆண்டில் வணிகக் குழு நோன்பியருக்கு இன்னொரு கொடையும் தந்தது. குடங்களைத் தரையில் வைக்கிறார்களே என்று வருந்தி, வெள்ளியால் ஒரு தாங்கி செய்து கொடுத்தது. எத்தனை குழி வேண்டும் என்று தட்டான் கேட்டபோது பதினொன்று என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று பன்னிரண்டு நாள் விசாரித்தோம். தட்டான் இறந்துவிட்டார். மற்ற ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள். அவர்கள் பொய் சொல்வதாகவும் தோன்றவில்லை.

மறுஆண்டு பாதை சீராயிற்று. ஆனால் தாங்கியில் இடமில்லை. பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதற்கடுத்த ஆண்டும் அதையே சொன்னார்கள். முன்பெல்லாம் வாயில் கணக்கர் ஒவ்வொரு நீரின் பெயரையும் உரக்கக் கூவி அழைப்பார். தாங்கி வந்தபின் அவர் "தாங்கி நிறைந்தது" என்று மட்டும் சொன்னார். பெருங்கோ பதினொரு கை அள்ளிப் பருகினார். ஓலைநாயகம் ஆறாண்டும் 'பன்னிரு நீரும் பருகப்பட்டன' என்றே எழுதினார். கை பழகிய சொல்லை எழுதியது, கண் எண்ணவில்லை. இந்தப் பிழை அவருடையது. அதை இங்கே தம் பெயரோடு பதிகிறார்.

அடும்பி ஆறாண்டும் மலைக் கூடத்தில் இருந்தாள். குடம் இல்லை என்பதால் ஊரும் இல்லை. அவள் முறையிடவில்லை. மேற்கே போகும் வண்டியைக் கண்டால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு அது மறையும்வரை பார்த்திருப்பாளாம். சென்ற ஆடியில் புது ஆடைப் பொதி வந்தது. அதைப் பிரித்து உதறும்போது சாயத்தின் கடுநெடி எழுந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அடும்பி அந்தத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். கடைசியாகக் கண்ட பகலில் அக்காளின் கையில் வீசியது அந்த நெடி. அப்போது வேம்பி தொட்டியில் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அன்றே அவள் கானோன்பியரின் தலைவரான முதுநோன்பி பேரெயினரிடம் போய் நீர் எடுத்துவர விடை கேட்டாள். இனி அவரவர் பேச்சை அவரவர் சொன்ன வண்ணமே எழுதுகிறோம். ஓலைத் தமிழில் மாற்றினால் எல்லோரும் சான்றோராகிவிடுகிறார்கள். பிறகு தீர்ப்புச் சொல்வது கடினம்.

"தாங்கியில இடம் இல்லியேம்மா" என்றார் பேரெயினர்.

"இடுப்புல வச்சுக்கிறேன் ஐயா. எங்க ஆத்துக்கு வெள்ளி எதுக்கு?"

அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மடைப்பள்ளிக்காரரைக் கூப்பிட்டு, "இவளுக்கு வழிக்கு அவல் கட்டிக் குடு, ஒம்போது நாளைக்கு" என்றாராம்.

இறால்துறைத் துறைப்படிக்கு அடும்பி நண்பகலில் போய்ச் சேர்ந்தாள். படியில் யாரும் காத்திருக்கவில்லை. ஏழாண்டு காத்திருந்தவர்கள் எழுந்து போயிருந்தார்கள். நீர் அப்போது தெளிவாகவே இருந்ததாம். ஏற்ற நேரம்; கடல் நீர் மேலேறிச் சாயத்தைத் தள்ளியிருந்தது. குடத்தைப் படியில் வைத்தவள் இளைப்பாறக்கூட இல்லை. முழங்கால் நீரில் நின்று இரு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். உப்புக் கரிக்கும் என்று தெரிந்தே குடித்தாள். அந்தக் கரிப்பைத்தான் ஏழாண்டு நாக்கு தேடியது என்று அவள் அவையில் சொன்னாள். அடியில் தங்கியிருந்த சாயக் கழிவும் அதோடு உள்ளே போயிற்று.

மாலையில் தொட்டி வேலை முடிந்து வந்த பெண்கள் படியில் சுருண்டு கிடந்தவளைக் கண்டார்கள். அவர்களில் ஒருத்தி வேம்பி. முழங்கை வரை நீலம் ஏறிய கையால் தங்கையைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள். மூன்று நாள் வாந்தி. அந்த மூன்று நாளும் அக்காள் வேலைக்குப் போகவில்லை, ஏச்சையும் நிறுத்தவில்லை.

"ஏடி பைத்தியக்காரி, ஆத்துத் தண்ணிய நாய்கூட மோந்து பாத்துட்டுப் போயிருது. நாங்க மணல் தோண்டி ஊத்துத் தண்ணி குடிக்கிறோம், அஞ்சு வருசமா. அதுகூடத் தெரியாதா நோன்பியம்மாவுக்கு? நாடு பூரா மரத்துக்கு அழுவுற ஆளுங்க!"

"யாரும் சொல்லலியேக்கா."

"யாரு சொல்லணும்? நீதான் எங்க தண்ணியோட வாயி. உன்னத்தானே வளத்து அனுப்பிச்சோம்."

நான்காம் நாள் அடும்பி எழுந்து உட்கார்ந்து குடத்தை நிரப்பித் தரச் சொன்னாள். வேம்பி மறுத்தாள். அவள் சொன்னதையும் பெருங்கோ முழுதாக எழுதச் சொன்னார்.

"நிரப்பித் தாரேன். ராசா முடியாதுன்னுட்டா தொட்டிய மூடுவான். மூடினா எம்பொழப்பு? மீனு போச்சு, வலை போச்சு. இந்த நீலக் கையிதான் சோறு போடுது. அப்புறம் ஒண்ணு கேக்குறேன். உங்க மலைக்கு வந்த அரிசி எங்க கையில இருந்து வந்தது. அத தின்னுட்டுத்தானே மரத்தக் கட்டிப் புடிச்சீங்க? அப்ப இனிச்சிதா?"

"இனிச்சிதுக்கா. பசியில இருந்தோம்."

இந்த விடைக்கு வேம்பி சிரித்துவிட்டாளாம். பிறகு தங்கையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த நீலத்தை முந்தானையால் துடைத்தாள், அது போகவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தங்கையோடு துறைப்படிக்குப் போனாள்.

"ஏற்றத்துல மோந்தா தெளிவா இருக்கும், ராசா குடிச்சிருவாரு. வத்தத்துல மோக்கணும். கொஞ்சம் இரு" என்றாள். நீர் வற்றும்வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஒரு பகல் இம்முறை நான்கு நாளாகியும், பேசியிருந்தது அந்த ஒரு நாழிகைதான். நீர் வற்றியதும் வேம்பி இறங்கி நடுநீர் மொண்டு குடத்தை நிரப்பினாள்.

புறப்படும்போது அடும்பி சொன்னாள்: "முடியாதுன்னுட்டா என்னை அங்கியே வச்சிருவாங்கக்கா. தண்ணி தெளியற வரைக்கும்."

"தெரியும்டி. அதான் மூணு நாளா குடத்தத் தொடாம இருந்தேன்" என்றாள் வேம்பி.

கார்காலத்தின் முதல் நாளில் அவை கூடியது. பதினொரு குடங்கள் வெள்ளித் தாங்கியில் அமர்ந்தன. "தாங்கி நிறைந்தது" என்றார் வாயில் கணக்கர். நோன்பியர் வரிசையின் கடைசியில் இடுப்பில் மண்குடத்தோடு ஒருத்தி நின்றாள். கணக்கர் குழம்பி, முறைப்படி தாங்கிக்கு வெளியே நிற்பது குடமாகாது என்று அவைக்கு அறிவித்தார். பெருங்கோ பதினொரு நீரையும் பருகிவிட்டு, வாயைத் துடைக்காமலே படியிறங்கி அவள் முன் வந்து நின்றார். எந்த நீர் என்று கேட்டார். அவள் சொன்னாள். பெருங்கோ அவையை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, பன்னிரு நீரின் பெயரையும் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பதினொன்றில் விரல் நின்றது.

தங்கள் தமையனாரின் குணம் தங்களுக்குத் தெரியும். விருந்தில் உப்பு மிகுந்தாலும் பரிமாறியவர் முகம் வாடக் கூடாதென்று உண்டு முடிப்பவர். குடத்தில் கை விட்டு அள்ளினார். நெடி அரியணை வரை வந்தது. கை நீலமாயிற்று. எதிரே ஒன்பது நாள் நடந்து மெலிந்த பெண் நிற்கிறாள். அவள் சுமந்ததை எப்படி ஒதுக்குவது என்று எண்ணினாரோ என்னவோ, வாயருகே கொண்டுபோனார். அப்போது அடும்பி அரசன் கையைப் பற்றினாள். காவலர் வேல் திருப்பினார்கள்.

"குடிக்காதீங்க சாமி. என் முகத்துக்காகக் குடிக்காதீங்க. முடியாதுன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் தூக்கிட்டு வந்தேன்."

நான்கு தலைமுறையாக எந்த அரசனும் சொல்லாத அந்தச் சொல்லைப் பெருங்கோ சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அனைவருக்கும் கேட்டது.

பின் அறமன்றம் கூடியது. முதுநோன்பி பேரெயினர் ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். "நாங்க எம்பது பேரு. கஞ்சிக்கு வழியில்ல. அவங்க அரிசி வந்திச்சு, மலை பொழைச்சிது. நான் எதையும் விக்கல. ஆனா மலைப்பட்டையப் பத்தி நூறு பாட்டுக் கட்டினோம், சாயத் தொட்டியப் பத்தி ஒண்ணுகூடக் கட்டல. கட்ட வேணாம்னு யாரும் சொல்லல. எங்களுக்கே வரல. சோறு போட்ட வீட்டுக் கூரையப் பாத்து ஓட்டைன்னு எப்படிச் சொல்றதுன்னு வாய் கூசிச்சு. அவ்வளவுதான் நடந்தது. அவ்வளவுதான்னு சொல்றப்போதான் அது எவ்வளவுன்னு தெரியுது."

எழுநூற்றுவர் தலைவர் நாய்கர் பூதங்குமரர் சினமின்றிப் பேசினார். "ஒரு சொல் கேட்டிருந்தா நாக்க அறுத்துக்கிறேன். மலையில மரம் இருக்கணும்னு எனக்கும் ஆசைதான்; எம்மவளுக்கு மரம்னா உசுரு. குடுத்தோம், வாங்கிக்கிட்டாங்க. பேசாதேன்னு சொன்னோமா?" சொல்லவில்லை என்றே மன்றமும் கண்டது. அவர் கேட்காததை எல்லோரும் கொடுத்தார்கள். மலையடிவாரத்துச் சிறு தொட்டிகள் மூடியதில் தமக்கு விளைந்ததைப் பற்றிக் கேட்டபோது மட்டும், "அது வாணிபம்" என்றார்.

அரண்மனையும் இதில் தூயதன்று. ஆறாண்டாக அவையோர் உடுத்த நீலப்பட்டு இறால்துறைப் பட்டு. பெருங்கோ அன்றே தம் மேலாடையைக் களைந்துவிட்டு வெள்ளாடையில் அமர்ந்தார். அவையில் பாதிப் பேர் தத்தம் தோளைப் பார்த்துக்கொண்டார்கள்.

இனி அடும்பியைப் பற்றி. இவ்வோலையில் இதுவே கடினமான பகுதி.

அவளைப் பிணையாக வைக்கப் பெருங்கோவுக்கு மனம் வரவில்லை. ஓலைநாயகம் பழைய ஏடுகளைப் புரட்டி ஒரு வழி கண்டார். பிணை இருக்க வேண்டிய இடம் 'அரசன் அவை' என்றே ஏடு சொல்கிறது; அரசன் ஆற்றங்கரையில் இருந்தால் அவையும் அங்கேதானே? எனவே அவளும் பெருங்கோவோடு இறால்துறைக்கே போகலாம், அக்காளோடு இருக்கலாம், நாள்தோறும் ஆற்றைப் பார்க்கலாம். இதை அவளிடம் சொல்ல ஓலைநாயகமே போனார். நல்ல செய்தி கொண்டுபோகிறோம் என்ற நினைப்பில் சற்று வேகமாகவே நடந்தார்.

அவள் கேட்டு முடித்தாள். முகம் மலர்ந்தது. எழுந்தே விட்டாள். மூட்டை கட்டத் துணியைக்கூட விரித்தாள். பிறகு அந்தத் துணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வரலீங்க ஐயா."

ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது: "நான் கண்ணு முன்னால இருந்தா ராசா சீக்கிரம் குடிச்சிருவாரு. அன்னைக்கே குடிக்கப் போனாரே. நல்ல மனுசரு. நான் ஒரு நாளு அழுது நின்னா, மறுநாளு ஏற்றத்துல ஒரு கை மோந்து 'நல்லாத்தான் இருக்கு'ன்னுருவாரு. எங்க அக்காளும் வேலை போயிரும்னு 'தெளிஞ்சிருச்சு, தெளிஞ்சிருச்சு'ன்னு சொல்லுவா. எல்லாரும் எல்லாருக்கும் நல்லது பண்ணிப் பண்ணித்தானய்யா இந்தத் தண்ணி இப்படி ஆச்சு. நான் இங்க இருக்கேன். என்னைப் பாக்காம, அவரு மெதுவா குடிக்கட்டும்."

பெருங்கோ புறப்பட்ட அன்று அவள் மேற்கு வாயில் வரை வந்தாள். இறால்துறையில் யாருக்கேனும் ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று பெருங்கோ தேரிலிருந்து இறங்கிக் கேட்டார். "நண்டு இருக்கான்னு பாருங்க. மணல்ல கோடு போட்டிருக்கும். இருந்தா இருக்குன்னு சொல்லி அனுப்ப வேண்டாம். எனக்குத் தெரிஞ்சா தங்க மாட்டேன்" என்றாள்.

ஆதலால், இளவரசர் விறலாதர் அறிய, பெருங்கோவின் ஆணைகள் வருமாறு.

இறால்துறைத் தொட்டிகளைப் பெருங்கோ மூடவில்லை. கழிவை ஆற்றில் விடுவதை மட்டும் தடுத்திருக்கிறார். தொட்டிப் பெண்களின் பிழைப்புக்கு வழி காண்பது கரையில் இருந்து அவர் செய்யும் வேலை. அது குறித்து வணிகர் தங்களிடம் முறையிட்டால் கேட்டுக்கொள்க. விடை சொல்ல வேண்டாம். எழுநூற்றுவர் சோறு போட்டுக் காத்த மலை என்பதால் சினம் கொண்டு அதில் ஒரு கிளையும் வெட்டலாகாது; மலை எழுநூற்றுவருடையதன்று. அடிவாரத்துச் சாயக்குடிகளை அழைத்து, பட்டையுரிக்காத தொழில் எது கூடும் என்று அவர்களையே கேட்க வேண்டும். நோன்பியர் இனி யார் சோற்றை உண்பது என்பதற்கு மன்றம் இன்னும் விடை காணவில்லை. அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்துவிடலாம் என்று தங்களுக்குத் தோன்றும். வேண்டாம். அரண்மனை அரிசிக்கும் இதே குணம் உண்டு. அவையில் குடங்கள் தரையில் இருக்கட்டும். கணக்கர் பெயர் சொல்லி அழைக்கட்டும்.

அடும்பிக்குத் தாங்கள் இரக்கம் காட்டலாகாது. இது கொடிய ஆணை போல் தோன்றும். அவள் நாள்தோறும் காலையில் மேற்கு வாயிலில் வந்து நிற்கிறாள். பாதை திரும்பும் புளியமரம் வரை பார்க்கிறாள். நிழல் சுருங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்புகிறாள். அதைக் கண்டு மனம் இளகி, போய் வா என்று விடை கொடுத்துவிடாதீர்கள். அவள் நில்லாமல் போய்விடக் கூடும், பிறகு அவள் நின்றதெல்லாம் வீணாகும். அவளுக்குக் காவல் இடவும் வேண்டாம். விலங்கு இல்லை, பூட்டு இல்லை. ஆற்றிலிருந்து வரும் தூதர் அவள் காதுபட எதுவும் பேசாதிருக்கட்டும்.

மேற்கு வாயிற்கதவைப் பகல் முழுதும் திறந்தே வைத்திருக்கக் கட்டளையிடுக. அவள் வரும்போது காவலர் ஒதுங்கி வழி விட்டு நிற்கட்டும். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.

பெருங்கோ ஆற்றங்கரைக்குப் புறப்பட்ட பதினோராம் நாள், ஆமை இலச்சினை பதித்து, ஓலைநாயகம் வெண்ணாகனார் கையொப்பத்தோடு விடுத்த ஓலை. பெற்றவர் தலைமேற்கொள்க. பிறழ்ந்தவர் பன்னிரு நீருக்கும் விடை சொல்க.